ஆய்வுக்குப் போன பள்ளியில் ஒரு பையனைக் கட்டி வைத்திருந்தார்கள். எழுதுவதா, புகார் சொல்வதா, சும்மா இருப்பதா?

தென்மாவட்டம் ஒன்றில் எம்.எட். இறுதியாண்டு படிக்கும் வாசகி எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். ஊரும் ஆளும் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

சாதாரணப் பள்ளிகளில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதுதான் இவருடைய ஆய்வேடு. நான்கு பள்ளிகளுக்குப் போய் வகுப்பில் உட்கார்ந்து கவனித்திருக்கிறார். ஆசிரியர்களையும் பெற்றோரையும் பேட்டி எடுத்திருக்கிறார். அதில் ஒன்று அரசு உதவி பெறும் பள்ளி. அங்கே மூன்றாம் வகுப்பில் ஆட்டிசம் உள்ள 9 வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். வருகைப் பதிவேட்டில் தினமும் அவனுக்கு வருகை உண்டு, பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவான எமிஸிலும் பெயர் உண்டு. ஆனால் காலை வழிபாடு முடிந்ததும் அவன் போய் உட்காருவது சத்துணவுக்கூடத்துத் திண்ணையில், ஆயாவோடு. மணியடிக்கும்வரை அங்கேதான். ஓடிவிடுகிறான் என்று சொல்லி அவன் மணிக்கட்டைத் துப்பட்டாவால் பெஞ்சுக் காலோடு கட்டியிருந்ததை வாசகி இரண்டு முறை பார்த்திருக்கிறார். அதிகாரிகள் வரும் நாளிலும் தொடக்க வகுப்புகளுக்கான அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட மதிப்பீடு நடக்கும் நாளிலும் பையனை வீட்டிலேயே வைத்துக்கொள்ளும்படி அம்மாவிடம் சொல்லிவிடுகிறார்கள். “என் சொந்த விருப்பத்தின் பேரில்” என்று அவரிடம் கடிதமும் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

அம்மா கூலி வேலைக்குப் போகிறவர். பேட்டியில் அழுதுவிட்டு, “இதை யார்கிட்டயும் சொல்லிடாத கண்ணு. வேண்டாம்னு அனுப்பிட்டாங்கன்னா நான் வேலைக்கே போக முடியாது” என்றிருக்கிறார். கட்டி வைத்த விஷயம் அவருக்குத் தெரியுமா என்று வாசகிக்குத் தெரியவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை. தலைமை ஆசிரியர், “நல்லதை மட்டும் எழுதும்மா” என்கிறார். வழிகாட்டியான பேராசிரியர், “அந்தப் பள்ளியை எடுத்துவிடு, மூன்று பள்ளி என்று எழுதிக்கொள்ளலாம்” என்கிறார். வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம். ஒப்புதல் படிவத்தில் ‘தகவல்கள் அனைத்தும் இரகசியமாக வைக்கப்படும்’ என்று இவரே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். பையன் கட்டப்பட்டிருப்பதைச் சிறிய வீடியோவாக எடுத்து, இரண்டு தோழிகளுக்கும் வழிகாட்டிக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியும் இருக்கிறார்.

கேள்விகள்: இதை வெளியே சொன்னால் ஆய்வு நெறியை மீறியதாகுமா? பையனுக்கு யூ.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையே இல்லையே, சட்டம் அவனுக்குப் பொருந்துமா? அம்மாவே எழுதிக் கொடுத்த பிறகு பள்ளி மேல் தவறு உண்டா? அவனுக்குச் சிறப்புப் பள்ளிதானே சரி? என் மேல் மானநஷ்ட வழக்கு வருமா, பட்டம் போய்விடுமா?

வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு காரியங்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. ஒன்று அந்தப் பையனின் பாதுகாப்பு, மற்றொன்று உங்கள் ஆய்வேடு. ஆய்வேட்டுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. பையன் நாளைக் காலையும் அந்தத் திண்ணைக்குத்தான் போவான். அதனால் அவனிலிருந்து தொடங்குகிறேன். ஆய்வேட்டில் எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். கல்லூரி நூலகத்து அலமாரிக்குப் போகிற ஆய்வேட்டைப் படித்துவிட்டு எந்த அதிகாரியும் பள்ளிக்கு வரப் போவதில்லை.

இரகசியம் காப்பதாக யாருக்கு வாக்குக் கொடுத்தீர்கள்?

ஒப்புதல் படிவத்தின் அந்த ஒரு வரிதான் உங்களை இவ்வளவு அலைக்கழிக்கிறது. பேட்டி கொடுத்தவர் இன்னார், அவர் சொன்னது இன்னது என்று வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வேன் என்பதே அதன் பொருள். ஒரு குழந்தைக்குக் கண்ணெதிரே நடப்பதைப் பற்றி வாயே திறக்க மாட்டேன் என்று நீங்கள் உறுதி கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் அது செல்லாது. தலைமை ஆசிரியர் பள்ளிக்குள் வர அனுமதி தந்தார், அவ்வளவுதான். அதனால் அங்கே பார்த்ததை எல்லாம் மறைத்தாக வேண்டும் என்ற ஒப்பந்தம் ஏற்பட்டுவிடாது.

எங்களைப் போன்ற வழக்கறிஞர்களிடம் கட்சிக்காரர் சொல்வதற்குச் சாட்சியச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு உண்டு. ஆய்வாளருக்கு அப்படி ஒன்று கிடையாது. நீதிமன்றம் கேட்டால் உங்கள் குறிப்பேட்டை நீங்கள் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆகவே ‘அனைத்தும் இரகசியம்’ என்று யாருமே அச்சடிக்கக் கூடாது. “உங்கள் பெயரை வெளியிட மாட்டேன்; ஆனால் ஒரு குழந்தைக்கு ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால், உங்களிடம் சொல்லிவிட்டு உரியவரிடம் தெரிவிப்பேன்” என்று இருந்திருக்க வேண்டும். உங்கள் கல்லூரி வைத்திருக்கும் மாதிரிப் படிவத்திலேயே இந்த வரி இல்லாமல் இருக்கலாம். அடுத்த ஆண்டு மாணவர்களுக்காகவாவது அதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு திருத்தம். தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டதால் எல்லாக் குழந்தைகளுக்கும் அனுமதி கிடைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது பள்ளிக்குள் நுழைய மட்டுமே போதும். குறிப்பிட்ட ஒரு குழந்தையைப் பற்றிக் குறிப்பெடுக்கவும் படமெடுக்கவும் அவன் பெற்றோரின் சம்மதம் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் 7 முதல் 12 வயதுக் குழந்தையிடம் வாய்மொழியாகவும், அதற்கு மேல் எழுத்திலும் அவர்களுடைய இசைவையும் கேட்கச் சொல்கின்றன. அவை உயிரியல், மருத்துவ ஆய்வுகளுக்காக எழுதப்பட்டவைதான். ஆனால் தனக்கென ஒரு நெறிக்குழு இல்லாத கல்வியியல் கல்லூரி பின்பற்ற அவற்றைவிடத் தெளிவான மாதிரி எனக்குத் தெரிந்து வேறில்லை. பேசாத குழந்தை என்றால் இசைவே தேவையில்லை என்று நினைத்துவிட வேண்டாம். நீங்கள் பக்கத்தில் போனதும் முகத்தைத் திருப்பினான், காதைப் பொத்தினான் என்றால் அவன் வேண்டாம் என்கிறான்.

அந்த அம்மாவிடம்தான் முதலில்

புகார் எங்கே கொடுப்பது என்று கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் பேச வேண்டியவர் அந்த அம்மா. தன் பிள்ளையின் கையைக் கட்டி வைக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் உங்களுக்கும், உங்கள் தோழிகளுக்கும், பேராசிரியருக்கும் தெரிந்திருக்கிறது. இதில் உள்ள முறைகேட்டைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். அவர் சொன்ன எதையும் நீங்கள் வெளியிடப் போவதில்லை. நீங்கள் பார்த்ததை அவரிடம் சொல்லப் போகிறீர்கள். அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை வேறு யாரையும்விட அவருக்குத்தான் உண்டு.

போனில் சொல்லாதீர்கள். வேலை முடிந்து அவர் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எப்படிக் கட்டியிருந்தது என்று பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். ‘கொடுமை’, ‘கிரிமினல் கேஸ்’ என்றெல்லாம் ஆரம்பிக்க வேண்டாம். அவர் கோபப்படலாம், அழலாம், உங்களையே திட்டலாம். முன்பே தெரியும் என்றுகூடச் சொல்லலாம். அப்படிச் சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். பகல் முழுக்கப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அந்தப் பள்ளியை விட்டால் அவருக்கு வேறு இடம் இல்லை. அவர் மௌனமாக இருப்பதைச் சம்மதம் என்று உங்கள் ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள்.

அவருடைய பயத்துக்கு மட்டும் நீங்கள் உறுதியாகப் பதில் சொல்லலாம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 16ஆவது பிரிவின்படி, தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்புவரை, எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது. ஐந்து, எட்டாம் வகுப்புகளில் நிறுத்திவைப்பது பற்றி 2019இல் திருத்தம் வந்தபோதும் இந்தப் பகுதி மாறவில்லை. “டி.சி.யை வாங்கிக்கோங்க” என்று வாயால் சொல்வதெல்லாம் மிரட்டல். அதற்குப் பின்னால் அதிகாரம் ஒன்றும் இல்லை.

சரி, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வேண்டாம், புகார் எதுவும் கொடுக்காதே” என்று அவர் சொன்னால்? இதுதான் கடினமான இடம். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்; இதில் எல்லா வழக்கறிஞர்களும் ஒத்துப்போக மாட்டார்கள். திண்ணையில் உட்கார வைப்பது, மதிப்பீட்டு நாளில் வர வேண்டாம் என்பது ஆகியவற்றில் அவர் முடிவுக்கும் அவர் வேகத்துக்கும் விட்டுக்கொடுங்கள். கட்டிப்போடுவது தொடர்ந்தால் அவர் மறுப்பு உங்களைக் கட்டுப்படுத்தாது. பையன் அவருடைய பிள்ளைதான், ஆனாலும் அவனுக்கென்று தனியாகவும் உரிமை இருக்கிறது. அப்போதும் அவர் முதுகுக்குப் பின்னால் போகாதீர்கள். “நான் சொல்லத்தான் போகிறேன், உங்கள் பெயர் என் வாயிலிருந்து வராது” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

சட்டம் இந்தப் பையனுக்கு என்ன தருகிறது?

அட்டை இல்லாததால் அவன் சட்டத்துக்கு வெளியே இருக்கிறான் என்ற எண்ணம் ஆசிரியர்களிடமும் பரவலாக இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இரண்டு அளவுகோல்களை வைத்திருக்கிறது. குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று பெற்றவர்களுக்குச் சில கூடுதல் உரிமைகள் உண்டு. 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி தரும் 31ஆவது பிரிவு அதில் ஒன்று. ஆனால் அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும் கடமைகளை விதிக்கும் 16ஆவது பிரிவில் இந்தச் சதவீதக் கணக்கு இல்லை. பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், மற்றப் பிள்ளைகளோடு சமமாகக் கல்வியும் விளையாட்டும் தர வேண்டும், அந்தந்தக் குழந்தையின் தேவைக்கேற்ப மாற்றங்கள் செய்து தர வேண்டும், ஒவ்வொரு மாற்றுத்திறனாளி மாணவரின் பங்கேற்பையும் முன்னேற்றத்தையும் கண்காணிக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே குறிப்பிட்டது, ஆட்டிசம் அதில் இல்லை. 2016 சட்டத்தின் 21 வகைகளில் அது இருக்கிறது. அட்டை கிடைத்தால் உதவித்தொகை, தேர்வுச் சலுகை என்று பல வழிகள் திறக்கும். எனவே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அம்மாவைக் கூட்டிப்போக முடிந்தால் நல்லது. ஆனால் அட்டை வரும்வரை பையன் திண்ணையில் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அம்மா எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு வருவோம். பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றத்தின் முன்னால் இதே மாதிரி ஒரு வாதம் வந்தது. நடைபாதையில் குடிசை போட எங்களுக்கு அடிப்படை உரிமை இருப்பதாகக் கோர மாட்டோம் என்று அந்த மக்கள் ஏற்கெனவே உயர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்கள், இப்போது எப்படிக் கேட்கலாம் என்றார்கள் எதிர்த்தரப்பினர். அடிப்படை உரிமையை யாரும் எழுதிக் கொடுத்து இழந்துவிட முடியாது என்று நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. 6 முதல் 14 வயதுவரையான கல்வியும் அரசமைப்பின் 21ஏ பிரிவில் அடிப்படை உரிமைதான். அந்தக் கடிதம் பள்ளியைக் காப்பாற்றாது. ஒவ்வொரு மதிப்பீட்டு நாளுக்கும் தேதி போட்டு வாங்கியிருந்தார்கள் என்றால், என்ன நடந்தது என்பதற்கு அவர்களே சாட்சி தயாரித்து வைத்திருக்கிறார்கள்.

சிறப்புப் பள்ளி பற்றி. அது கூடாது என்று சொல்பவன் இல்லை நான். 31ஆவது பிரிவே அருகமைப் பள்ளி அல்லது விரும்பும் சிறப்புப் பள்ளி என்று இரண்டையும் தருகிறது. கடுமையான குறைபாடு உள்ள குழந்தைக்கு வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்துகொள்ளவும் கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம் இடம் தருகிறது. ஆனால் தேர்வு குடும்பத்தினுடையது. ஒரு வழியில் முள்ளைப் போட்டுவிட்டு, “பாருங்கள், அவர்களே அந்தப் பக்கம் போய்விட்டார்கள்” என்று சொல்வது தேர்வாகாது. இந்தப் பையன் மூன்றாம் வகுப்பறையில் முறையான உதவியோடு ஒரு மாதமாவது உட்கார்ந்து பார்த்தானா? உங்கள் குறிப்புகளில் அப்படி எதுவும் இல்லை. அது தெரியாமல் அவனுக்குச் சிறப்புப் பள்ளிதான் சரி என்று நீங்களும் நானும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

கட்டி வைத்தது வேறு வகை. உடல் தண்டனையும் மன உளைச்சலும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் தடை செய்யப்பட்டவை. மீறினால் துறை நடவடிக்கை உண்டு. பொறுப்பில் இருப்பவர் குழந்தைக்குத் தேவையற்ற துன்பம் தரும்படி நடத்துவது இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 75ஆவது பிரிவில் குற்றம். 3 ஆண்டுவரை சிறைக்கு வழி இருக்கிறது. அவன் ஓடிவிடுவான் என்ற பயத்தில் கட்டினோம் என்று ஆசிரியை சொல்வார். அந்தப் பயம் பொய் என்று நான் நினைக்கவில்லை. ஆட்டிசம் உள்ள சில குழந்தைகள் சட்டென்று ஓடுவார்கள். வெளியே ரோடு இருக்கும். அதற்கு வாசல் கதவைச் சாத்தி வைப்பது, கதவிலிருந்து தள்ளி இடம் கொடுப்பது, அடுத்து என்ன நடக்கும் என்பதைப் படங்களாக வரிசையில் ஒட்டி வைப்பது, அவன் தவிப்பதற்கு முன்னாலேயே ஐந்து நிமிடம் வெளியே நடக்கவிட்டுக் கூட்டிவருவது என்று வழிகள் இருக்கின்றன. சிறப்பாசிரியர்கள் அறிந்த சாதாரண வழிகள்தான். அந்தப் பள்ளிக்கு வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறார் என்பதை உங்கள் கடிதத்தில் தேடினேன், இல்லை. அதைக் கேட்டு எழுதுங்கள்.

எங்கே சொல்வது?

போக்சோ சட்டத்தின் கீழ் வரும் பாலியல் குற்றம் என்றால் தெரிந்தவர் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாதது குற்றம். நீங்கள் பார்த்தது அந்த வகை இல்லை. ஆகவே சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் வழிவிடுகிறது. 2016 சட்டத்தின் 7ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளி ஒருவர் துன்புறுத்தப்படுவதாக நம்பக் காரணம் உள்ள எவரும் நிர்வாக நடுவரிடம் (எக்சிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) தெரிவிக்கலாம் என்கிறது. நடைமுறையில் நான் அங்கிருந்து தொடங்கச் சொல்ல மாட்டேன். ஊரே திரண்டு அந்த அம்மா மேல் பாயும்.

முதலில் தலைமை ஆசிரியரிடமே, உங்கள் வழிகாட்டியோ துறைத் தலைவரோ கூட இருக்க, “கட்டுவதை இன்றோடு நிறுத்த வேண்டும், சிறப்பாசிரியரை வரவழைக்க வேண்டும்” என்று இரண்டே கோரிக்கை வையுங்கள். பெரும்பாலும் கட்டுவது அன்றே நின்றுவிடும். நிற்காவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலர், அப்புறம் முதன்மைக் கல்வி அலுவலர். பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய எண்களும் உண்டு. அவசரம் என்றால் 1098தான். அம்மா முன்வந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனு போடலாம். அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ளதைப் போன்ற விசாரணை அதிகாரங்கள் உண்டு. அவர் பரிந்துரை செய்தால், எடுத்த நடவடிக்கையைத் துறை 3 மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

மனுவில் ஆசிரியையின் வேலையைப் பறிப்பதைக் கோரிக்கையாக வைக்காதீர்கள். அந்த வகுப்பில் 38 பிள்ளைகள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சிறப்புக் குழந்தைகளுக்கான ஆசிரியர் விகிதம் தொடக்க வகுப்புகளில் 10 குழந்தைக்கு ஒருவர், நடுநிலையில் 15 குழந்தைக்கு ஒருவர் என்று ஒன்றிய அரசு 2022இல் அறிவித்தது. அதுவும் உச்ச நீதிமன்றம் 2021இல் ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் உத்தரவிட்ட பிறகு. தமிழ்நாட்டிலோ ஒரு சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்கு அலைகிறார், அதுவும் தொகுப்பூதியத்தில். இதெல்லாம் கட்டி வைத்ததை நியாயப்படுத்தாது. ஆனால் யாரிடம் என்ன கேட்பது என்பதை இது மாற்றுகிறது.

மானநஷ்டம் பற்றிய பயத்தை விடுங்கள். உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு தரும் புகார் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவில் விதிவிலக்கு. முகநூலில் பள்ளிப் பெயரோடு போட்டால் அந்தப் பாதுகாப்பைக் கோர முடியாது. அதோடு பையனின் அடையாளத்தை வெளியிட்டதற்காக இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு உங்கள் பக்கமே திரும்பும்.

அந்த வீடியோ

இது கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டிய விஷயம். அம்மாவின் அனுமதி இல்லாமல் எடுத்ததையும் மன்னிக்கலாம், அந்த நேரத்துப் பதற்றம். தோழிகளுக்கு அனுப்பியது தேவையற்றது. இன்றே அவர்களை அழைத்து, போனிலிருந்தும் கூகுள் போட்டோஸ் காப்பியிலிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள், வழிகாட்டியிடமும் கேளுங்கள். உங்களிடம் உள்ள அசலை மட்டும் அழிக்காதீர்கள். வெட்டாமல், எடுத்த போனிலேயே இருக்கட்டும். பின்னால் விசாரணை வந்தால் மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். எடுத்த கருவி கையில் இருந்தால் சிக்கல் குறைவு. ஆய்வேட்டில் அதிலிருந்து ஒரு சட்டகம்கூட வரக் கூடாது, முகத்தை மறைத்தும்கூட.

ஆய்வேட்டில் என்ன எழுதுவது?

‘பள்ளி அ, பள்ளி ஆ’ என்று போட்டுப் பையன் பெயரையும் மாற்றிவிட்டேன் என்கிறீர்கள். ஒரு ஒன்றியத்தில் ஒரே ஒரு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி, அதில் மூன்றாம் வகுப்பில் ஆட்டிசம் உள்ள ஒரே பையன் என்றால் பெயரை மாற்றி என்ன பயன்? அந்த ஊர் டீக்கடைக்காரர்கூடச் சொல்லிவிடுவார். போதாக்குறைக்கு நம் ஆய்வேடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. முன்பக்க நன்றியுரையில் நான்கு தலைமை ஆசிரியர்களுக்கும் பெயர் சொல்லி நன்றி. பின்னிணைப்பில் பள்ளி முத்திரையோடு அனுமதிக் கடிதங்கள். நடுவில் மட்டும் ‘பள்ளி அ’. உங்கள் வரைவையும் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். நன்றியுரையில் பள்ளிகளைப் பொதுவாகக் குறிப்பிடுங்கள். அனுமதிக் கடிதங்களைத் தேர்வாளர் கேட்டால் தனியாகக் காட்டலாமா என்று துறையிடம் கேளுங்கள். ஒன்றியத்தின் பெயர், நிர்வாக வகை, பையனின் வகுப்பு, குறைபாட்டின் பெயர் ஆகிய நான்கும் ஒரே பத்தியில் சேர வேண்டாம்.

உங்கள் நான்காம் அத்தியாயத்தில் ‘சேர்க்கை 100 சதவீதம்’ என்று ஒரு அட்டவணை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வருத்தம் தந்த வரி இதுதான். திண்ணையில் உட்கார்ந்திருந்த பையனும் அந்த நூற்றில் ஒருவன். நான்கு பள்ளிகளிலும் நேரம் போட்டுக் குறிப்பெடுத்ததாகச் சொல்கிறீர்களே, அதை எடுங்கள். ஒவ்வொரு குழந்தையும் ஒரு நாளில் எத்தனை நிமிடம் தன் வகுப்பறைக்குள் இருந்தது, அதில் எத்தனை நிமிடம் ஆசிரியர் அந்தக் குழந்தையிடம் பேசினார், மதிப்பீட்டு நாளில் இருந்ததா, சிறப்பாசிரியர் எப்போது வந்தார் என்று எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அட்டவணை போடுங்கள். மற்ற மூன்று பள்ளிகளிலும் கடைசி பெஞ்சில் படம் வரையவிட்டு உட்கார வைத்த குழந்தைகள் நிச்சயம் இருப்பார்கள், கட்டவில்லை என்பதைத் தவிர. அப்போது உங்கள் பையன் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்க மாட்டான். எந்தப் பள்ளி என்று தேடும் ஆர்வமும் குறையும். பதிவேட்டு வருகைக்கும் வகுப்பறை இருப்புக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் ஆய்வு கண்டுபிடித்தது. 2016 சட்டத்தின் 16ஆவது பிரிவு பள்ளிகளைக் கண்காணிக்கச் சொல்வதும் பங்கேற்பையும் முன்னேற்றத்தையும்தான். பதிவேட்டில் பெயர் இருப்பதோடு அது நின்றுவிடவில்லை.

கட்டி வைத்ததை எழுதலாமா? “உடல்ரீதியாகக் கட்டுப்படுத்தும் வழக்கம் ஒரு பள்ளியில் காணப்பட்டது, அது உரியவர்களின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது” என்ற அளவு போதும். துப்பட்டா, பெஞ்சுக் கால் எல்லாம் புகாரில் இருக்கட்டும். அம்மாவின் பேட்டியிலிருந்து மேற்கோள் எடுப்பதாக இருந்தால், எடுக்கும் வரிகளை மட்டும் அவரிடம் போய்ப் படித்துக்காட்டி மறுபடி கேளுங்கள். இப்போது வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள், விவாதம் வேண்டாம்.

வழிகாட்டியும் வைவாவும்

பேராசிரியரைக் கோழை என்று எழுதியிருந்தீர்கள், அந்த வரியைச் சுருக்கத்தில் விட்டுவிட்டேன். அவர் நிலையையும் பாருங்கள். உங்கள் கல்லூரியின் பி.எட். மாணவர்கள் ஆண்டுதோறும் கற்பித்தல் பயிற்சிக்குப் போவது இதே பள்ளிகளுக்குத்தான். ஒரு பள்ளி கதவைச் சாத்தினால் அடுத்த பள்ளியும் யோசிக்கும். அவர் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆனால் அவர் சொன்ன தீர்வு தவறு. நான்கு பள்ளிகளில் தரவு எடுத்துவிட்டு மூன்று என்று எழுதுவது ஆய்வு முடிவைத் திரிப்பது. ஒரு பள்ளியை விலக்கவே வேண்டுமென்றால், நான்கில் ஒன்று விலக்கப்பட்டது என்றும் காரணம் இன்னது என்றும் எழுத வேண்டும். மேலே சொன்ன பொது அட்டவணையை அவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பள்ளி மறைகிறது, தரவு மறையவில்லை என்றால் அவர் ஒப்புக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஒப்புக்கொள்ளாவிட்டால், நடந்த பேச்சைச் சுருக்கி, “ஐயா, நேற்று நீங்கள் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டேன், சரியா?” என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுத் துறைத் தலைவரைப் பாருங்கள். எழுத்தில் வந்தவுடன் பல அறிவுரைகள் மென்மையாகிவிடும்.

பார்த்ததை உள்ளபடி எழுதியதற்காகப் பட்டத்தை நிறுத்த எந்தப் பல்கலைக்கழக விதியிலும் இடம் இருக்காது. மதிப்பெண் குறையலாம், அதை நான் மறைக்க மாட்டேன். புறத்தேர்வாளர் ஆர்வத்தில் “எந்த ஸ்கூல்மா அது?” என்று கேட்பார், அதற்குத் தயாராக இருங்கள். “ஒப்புதல் படிவத்தின்படி பள்ளியின் பெயரைச் சொல்ல இயலாது சார், நேரப் பதிவுகள் வேண்டுமானால் காட்டுகிறேன்” என்று சொல்லிவிட்டு அட்டவணையைத் திறந்து வையுங்கள்.